மானிப்பாயின் மருத்துவ ஆசான்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர்)

தமிழில் அறிவியல் படிக்க முடியுமா என்னும் கேள்வி நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுகிறது. ஆண்டுதோறும் விடையின்றி அடங்கியும் விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் பயின்று, கல்லூரி வாயிலில் கால் வைத்ததும் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் ஏந்திய நம்மில் பலருக்கு இது பட்டிமன்றத் தலைப்பு அன்று, அன்றாடத் தொல்லை. அந்தக் கேள்வியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்து, வாயால் விடை சொல்லாமல் செய்கையால் விடை சொன்ன ஓர் அமெரிக்கரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர்தாம் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. அனகாபுத்தூரில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். 108 ஆம்புலன்ஸ் வண்டியில் மருத்துவ உதவியாளராகப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். புதிதாகப் படித்துவிட்டு வருபவர்களைச் சில காலமாக அவரோடு வண்டியில் அனுப்புகிறார்களாம். தனியாக வேலை செய்தபோது கை தானாக ஓடிற்று என்றும், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு இது எதற்கு, இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது என்றும் ஒருநாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வருந்தினார். தமக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு, ஆனால் கற்றுக்கொடுப்பது எப்படி என்று எவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அவர் குறை. நெசவாளர் ஊரான எங்கள் ஊரில் இது புரியாத செய்தி அன்று. ஒரு காலத்தில் நைஜீரியா வரை துணி அனுப்பிய ஊர் இது. தறியில் நாடாவைப் பறக்கவிடும் கைகள் எத்தனையோ உண்டு. பக்கத்தில் நிற்கும் பையனுக்கு நூல் அறுந்தால் எங்கே, எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தரும் வாய் சிலவே. என் தாத்தாவுக்குக் கை இருந்தது, வாய் இல்லை. அதனால்தானோ என்னவோ என் தந்தைக்குத் தறி பிடிபடவே இல்லை.

அண்ணனுடைய குறைக்கு ஏட்டில் ஏதேனும் மருந்து உண்டா என்று தேடப்போய்க் கண்டெடுத்த மனிதர்தாம் கிறீன்.

அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். அவருக்கு இரண்டு ஆண்டு மூத்த சகோதரர் ஆண்ட்ரூ கிறீன். நியூயார்க் நகரின் நடுவே பரந்து கிடக்கும் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர் என்றும், இன்றைய பெரிய நியூயார்க் நகரம் ஒன்றாக இணையக் காரணமானவர் என்றும் அந்நாட்டார் அவரைப் போற்றுகின்றனர். அண்ணன் ஒரு மாநகரைக் கட்ட, தம்பியோ பனைமரக் காட்டிடையே ஒரு சிற்றூரைத் தேடி வந்தார். இருவரில் எவர் பெரியவர் என்று கேட்டால் நான் தம்பியின் பக்கம்தான் கை தூக்குவேன். ஆனால் நானும் தமிழன் ஆதலால் என் தீர்ப்பை எவரும் நடுநிலை என்று கொள்ள வேண்டியதில்லை.

1845இல் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதே கல்லூரியில் அவருக்கு முன்னே படித்தவர் ஜான் ஸ்கடர். 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டுப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, பின்பு 1836இல் நம் சென்னைக்கு வந்து சேர்ந்தவர் அவர். வேலூரில் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேத்தியே. ஸ்கடர் விட்டுச் சென்ற தடத்தில், 1847 அக்டோபரில் இருபத்தைந்து வயது இளைஞராகக் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்தபின், 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டார்.

வந்தவர் முதலில் செய்தது என்ன? தமிழ் படித்தார். பிறகு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். கூட்டம் பெருகியது. ஒருவர் கையால் எத்தனை புண்ணுக்குக் கட்டுப்போட முடியும்? வந்த மறு ஆண்டே, அதாவது 1848இலேயே, சில தமிழ் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். இலங்கையில் மேலை மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்டது மானிப்பாயில்தான் முதன்முதலாக. கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1870இல். நம் சென்னையில் 1835இலேயே மருத்துவப் பள்ளி ஏற்பட்டுவிட்டது; அப்போதிக்கரிகளையும் டிரெஸ்ஸர்களையும் பயிற்றுவதே அதன் தொடக்க நோக்கம். டாக்டருக்கு அடுத்த படியில் நின்று கட்டுக் கட்டவும் மருந்து கலக்கவும் வேண்டிய ஆட்களை உருவாக்குவதே அக்காலத்தில் முதல் தேவையாக இருந்தது.

மானிப்பாயில் தொடக்க வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றுத் தேறியவர்கள் கிடைத்ததால் அதில் சிரமம் இருக்கவில்லை. இந்தச் செமினரி சாதாரணமானது அன்று. 1823இல் தோன்றிய இதில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்பதை நம் கல்லூரியினர் அறிந்திருக்க வேண்டும். தம் வீட்டில் முதல் பட்டதாரி என்று பெருமையும் அச்சமும் ஒருசேரக் கொள்ளும் நமக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கே முதல் பட்டதாரியாக இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

கிறீனின் மாணவர் பெயர்ப்பட்டியலைப் பார்த்தபோது முதலில் ஏமாந்துபோனேன். டான்வொர்த், சாப்மன், கூல்ட் என்றிருந்தன. இவர்களும் அமெரிக்கர்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அல்லர், அனைவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்! அக்காலத்தில் மிஷன் பள்ளிகளில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் உள்ள யாரேனும் ஏற்பதுண்டு. அப்படி ஏற்றவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதும் வழக்கம். சோற்றுக்கும் படிப்புக்கும் விலையாகத் தாய் தந்தையர் இட்ட பெயரைக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். இதை எழுதும்போது என் பேனா சற்றே நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனித்தான் கிறீன் வரலாற்றின் உயிரான பகுதி. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர்கள் நல்ல மருத்துவர்கள் ஆயினர். ஆனால் என்ன நடந்தது? நல்ல சம்பளம் கிடைக்கும் அரசாங்க வேலைகளைத் தேடித் தொலைவூர்களுக்கும் நகரங்களுக்கும் போய்விடலாயினர். மானிப்பாயைச் சுற்றிய சிற்றூர்கள் முன்போலவே இருந்தன. ஆங்கிலம் என்பது மருத்துவத்துக்கு மட்டும் சாவியாக இல்லாமல், ஊரைவிட்டு வெளியேறும் கதவுக்கும் சாவியாக இருக்கிறது என்பதைக் கிறீன் கண்டுகொண்டார். தமிழில் கற்றவன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் போட்ட கணக்கு. (நம்முள் இன்று இந்தக் கணக்கை ஒப்புக்கொள்பவர் எத்தனை பேர்? கதவைத் திறந்துகொண்டு போவதற்காகத்தானே நாமும் ஆங்கிலத்தோடு மல்லாடுகிறோம். கிறீனிடம் நான் பயின்றிருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்பது எனக்கே தெரியவில்லை.)

தமிழில் கற்பிக்கலாம் என்று முடிவு செய்தாயிற்று, நூல் எங்கே? சொல் எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் எங்கே? ஒரு வெள்ளைக்கார மருத்துவர் எத்தனைதான் நன்றாகத் தமிழ் பேசினாலும், நோயாளி தன் வயிற்றுவலியைச் சொல்லும் தமிழ் வேறு அன்றோ!

இங்கேதான் கிறீன் தாம் முன்பே பயிற்றிய மாணவர்களை நோக்கித் திரும்பினார். கட்டுக் கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர்கள். நோயாளியின் கட்டிலருகே பல ஆண்டுகள் நின்றவர்கள். அவர்களைக் கிறீன் நூலாசிரியர்களாகவும் போதகாசிரியர்களாகவும் மாற்றினார். டான்வொர்த், சாப்மன், போல், சுவாமிநாதன் முதலியோர் ஆங்கில மருத்துவ நூல்களைப் பகுதி பகுதியாகத் தமிழாக்கினர். கிறீன் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் ஒப்புநோக்கித் திருத்தினார். இதை வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று பலர் எழுதுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் கைப்பழக்கத்தால் செய்துவந்த ஒன்றை, ஆங்கிலம் அறியாத ஒரு பையனுக்குத் தமிழில் எழுதிக் காட்ட வேண்டுமென்றால், முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று தன்னையே கேட்க வேண்டும். எலும்பு முறிந்தவனுக்குப் பத்தை வைத்துக் கட்டத் தெரிந்தவர், அதை எழுத உட்காரும்போதுதான் தமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று காண்கிறார். எங்கள் தெரு அண்ணன் தமக்குக் கிட்டவில்லை என்று வருந்திய பயிற்சி இதுவே அல்லவா!

நூல்களின் பட்டியல் மலைப்பைத் தருகிறது. கட்டர் என்பவரின் உடற்கூற்று நூலை 1852இலேயே வெளியிட்டுவிட்டனர். மான்செல் எழுதிய பிரசவ நூல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் 1857இல் வந்தது. துரூயிட் என்பாரின் அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' என 1867இல் வெளிவந்தது. கிருமி கொல்லும் அறுவை முறையை லிஸ்டர் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான் என்பது நினைக்கத்தக்கது. 1872இல் இரண்டு பெரும் நூல்கள்: ஹூப்பரின் நூலைத் தழுவிய 'வைத்தியாகரம்', கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலான 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேயின் நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளியானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசிவிட்டது! இன்று ஒரு புதிய வேதியியல் நூல் பதினான்கு ஆண்டுகளில் தமிழில் கிடைக்கும் என்று நம் பேராசிரியர் எவரேனும் உறுதி சொல்வாரா?

வேதியியல் மாணவன் என்ற முறையில் 1875இல் வந்த நூலை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். வெல்ஸ் என்பாரின் நூலைச் சுவாமிநாதன் தமிழாக்கினார். அதன் பெயர் 'கெமிஸ்தம்'. ஆம், கெமிஸ்திரியைக் கெமிஸ்தம் ஆக்கிவிட்டார்கள். முதல்முறை படித்தபோது நான் சிரித்துவிட்டேன். ஆனால் அதன் பின்னே ஒரு முறை இருக்கிறது. கலைச்சொல் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவது. கிட்டாவிடில் வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. இதுவே கிறீன் வகுத்த வழி. இரசாயனம் என்னும் சொல் வழக்கில் இருந்தும் அதைக் கொள்ளாமல் புதுச்சொல் படைத்தது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. இரசாயனம் என்றால் நம்மவர் மனத்தில் காயகற்பமும் இரசவாதமும் வந்து நிற்கும் என்று அஞ்சியிருக்கலாம் என்பது என் ஊகம். மெண்டலீவ் தம் தனிம அட்டவணையை வெளியிட்டு அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நாம் முதலாமாண்டில் உருப்போடும் அந்த அட்டவணைக்கும் இந்தக் கெமிஸ்தத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கலைச்சொற்களை மட்டும் தொகுத்துத் தனியே சொற்கோவைகளும் வெளியிட்டார் கிறீன்.

குறையே இல்லையா? உண்டு. நூல்களின் நடை கரடுமுரடானது. அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்று வடசொற்கள் வரிக்கு வரி நிற்கின்றன. தமிழில் படித்தாலும் அகராதி வேண்டியிருக்கிறது. வகுப்பில் பெண்களுக்கு இடம் இல்லை. கிறீன் ஒரு சமய ஊழியர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மருந்தோடு மதத்தையும் கொடுக்கவே அவரை அனுப்பினார்கள், அவரும் மனமார அதைச் செய்தார். ஆனால் ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. தம் மாணவர் காற்சட்டை அணிந்து வெள்ளைக்காரர்போல் உலவுவதை அவர் விரும்பவில்லை. உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் அவர்கள் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மாணவரில் சிலர் இதற்கு மனம் வருந்தியும் இருக்கக்கூடும். வேட்டியோடு போகும் வைத்தியருக்கும் காற்சட்டையோடு போகும் வைத்தியருக்கும் ஊரில் ஒரே மரியாதை கிடைத்திருக்குமா என்ன?

1857இல் ஓய்வுக்காகக் கிறீன் அமெரிக்கா சென்றார். ஐந்தாண்டுகள் கழித்து, 1862இல், மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்துகொண்டு திரும்பி வந்தார். அந்த இடைக்காலத்தில் மானிப்பாயின் மருத்துவப் பணியைத் தாங்கியவர்கள் அவரிடம் பயின்றவர்களே. ஆசிரியர் ஊரில் இல்லாதபோது நடக்கும் வகுப்புத்தான் அவருடைய உண்மையான தேர்வு என்று எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் சொல்வதுண்டு. திரும்பி வந்த கிறீன் இனி ஆங்கிலம் இல்லை என்று துணிந்தார். 1864இல் முழுதும் தமிழிலேயே மருத்துவ வகுப்பு தொடங்கியது. அவ்வகுப்புக்கு அவர் தனியொருவராக நிற்கவில்லை. பழைய மாணவர்கள் பக்கத்தில் நின்று கற்பித்தனர். மருத்துவமனையே வகுப்பறை ஆயிற்று. யாழ்ப்பாணப் பட்டினத்தில் 1850இல் பொதுமக்கள் உதவியோடு ஏற்பட்ட மருத்துவமனையின் பொறுப்பும் கிறீனிடம் இருந்ததால், மாணவர் நோயாளிகளைப் பார்த்துப் பழக இடம் இன்னும் விரிந்தது. அதுவே இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. போதனா என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நோய் தீர்ப்பதோடு கற்பிக்கவும் கடமைப்பட்ட மருத்துவமனை என்பது அதன் பொருள்.

படிப்பு ஏட்டளவில் நின்றதா, நாட்டுக்கு உதவியதா என்பதைக் காட்ட ஒரு கொடிய சோதனையும் வந்தது. 1866இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி தலைவிரித்தாடியது. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் காக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது 1880களில்தான். எதிரி யார் என்றே தெரியாத போர் அது. கிறீனும் அவரிடம் பயின்ற வைத்தியர்களும் ஊர் ஊராகச் சென்று உழைத்தனர். நம் தலைமுறை கொரோனாக் காலத்தில் முகக்கவசத்தோடு ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓடியதைக் கண்ணால் கண்டது. எதிரியின் பெயரும் உருவமும் தெரிந்திருந்தும் நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். முகமே அறியாத நோயை எதிர்த்து நடந்தும் வண்டி கட்டியும் போனவர்களின் நெஞ்சுரத்தை என்னென்பது!

1873இல் உடல்நலம் குன்றியதால் கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்டார். மீண்டும் வரவில்லை. அதற்குள் அவரிடம் பயின்று வைத்தியரானவர் தொகை அறுபதைத் தாண்டியிருந்தது. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். பனிபெய்யும் ஊரில், பேசுவதற்கு ஒரு தமிழர்கூட அருகில் இல்லாத வீட்டில், தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார் அந்த முதியவர். டால்டன் எழுதிய உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இல் வெளியாயிற்று. 1884 மே 28இல் கிறீன் காலமானார். தம் கல்லறையில் தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே பொறித்தனர்.

அவருக்குப்பின் மானிப்பாய் மருத்துவ வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்க வேலை அந்த வழியே கிடைத்தது. மாணவர் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. கிறீன் எந்தக் கதவை அடைக்க நினைத்தாரோ அது முன்னிலும் அகலமாகத் திறந்துகொண்டது. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை மட்டும் இன்றும் இருக்கிறது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதியிராவிட்டால் இந்தப் பெயரே நம்மவர் காதில் விழுந்திருக்குமோ என்னவோ.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் அமர்ந்து 108 அண்ணனுக்குச் சொன்னேன். அங்காதிபாதம் என்றதும் அவர் சிரித்தார். அடுத்த வாரம் வண்டியில் வரும் பையனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் இறங்கி ஓடிவிடுவான் என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இரண வைத்தியத்தில் இரத்தம் வழிவதை நிறுத்தக் கட்டுப்போடும் பகுதி இருக்குமா, இருந்தால் அதை எந்த வரிசையில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.